சிங்குக்குக் கீழே

சிங்க் அடைத்துக்கொண்டால் எங்கள் பக்கத்து வீடுகளில் முதலில் கேட்கும் பேச்சு "ஆளைக் கூப்பிடு" என்பதுதான். ராயபுரம், தண்டையார்பேட்டை, நான் இப்போது குடியிருக்கும் திருவொற்றியூர், எங்கே போனாலும் இந்த வாக்கியம் மாறுவதில்லை. 'ஆள்' தமிழில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான சொல். அதே வடிவில் இருக்கும் வினைச்சொல்லிலிருந்துதான் ஆட்சியும் ஆளுமையும் வருகின்றன. சிங்க் அடைத்த வீட்டில் அந்தச் சொல்லின் பொதுமை போய்விடுகிறது. அடைப்பு வீட்டுக்குள் இருந்தால் ஆள் என்றால் ஓர் ஆண், பிளம்பர். அடைப்பு வாசலைத் தாண்டிச் சேம்பரில் இருந்தால் ஆள் என்றால் குறிப்பிட்ட ஒரு சாதியில் பிறந்த ஆண். இந்த இரண்டுக்கும் முன்னால், சிங்க்கின் வாயில் தேங்கிய சோற்றுப் பருக்கையையும் மீன் செதிலையும் விரல் விட்டு அள்ளுவதற்கு யாரும் ஆளைக் கூப்பிடுவதில்லை. அங்கே ஒரு பெண் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறாள்.

ஒரே தண்ணீர் போகும் ஒரே வழி. அதில் மூன்று பேரின் கைகள். எந்தக் கை எதுவரை போக வேண்டும், எதற்கு மேல் போகக் கூடாது என்று நமக்கு முன்பே யாரோ அளந்து வைத்திருக்கிறார்கள். அந்த அளவை எல்லோரும் அறிந்திருக்கிறோம், யாரும் சொல்லித்தராமலே.

கழிவுநீர் போகும் வழிக்குத் தமிழில் பழைய சொற்கள் உண்டு. தென்மாவட்டங்களில் பாத்திரம் கழுவும் இடத்தை அங்கணம், அங்கணக்குழி என்பார்கள். திருக்குறளில் அவையறிதல் அதிகாரத்தில் இந்த அங்கணம் வருகிறது, அமிழ்தத்தைக் கொட்டி வீணாக்கும் தூய்மையற்ற இடமாக. சென்னைக்காரியான என் ஆயா அதைச் சலதாரை என்பார். மணிமேகலையில் வஞ்சி நகரத்து அகழியை வருணிக்கும் இடத்தில் சுருங்கைத் தூம்பு வருகிறது. நிலத்துக்கடியில் மறைத்துக் கட்டிய கழிவுநீர்க் குழாய் அது. வீட்டுப் பெண்கள் கூந்தல் கழுவிய நீர், இளைஞரும் மகளிரும் நீராடியதில் கரைந்த சந்தன நீர் என்று அகழியில் வந்து சேரும் மணநீரையெல்லாம் சாத்தனார் அடுக்கிக்கொண்டே போகிறார். இந்தப் பகுதியை நடத்தும்போது மாணவிகளிடம் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம்: இந்தப் பட்டியலில் எந்தத் தண்ணீர் இல்லை? ஒரு வருடம் கடைசி பெஞ்சிலிருந்து பதில் வந்தது. "சோத்துப் பானை கழுவுன தண்ணி, மேடம்." பக்கத்திலிருந்தவள் சேர்த்துக்கொண்டாள்: "அந்தத் தூம்பத் தூர் வாருனவங்களும் இல்ல."

கீழடியில் ஒன்றோடொன்று பொருத்திய சுடுமண் குழாய்கள் கிடைத்தபோது நாம் பெருமைப்பட்டோம். பெருமைப்பட வேண்டியதுதான். குழாய் இருந்த ஊரில் அடைப்பும் இருந்திருக்கும். அடைப்பை எடுத்த கையும் இருந்திருக்கும். மண்ணுக்குள்ளிருந்து குழாய் கிடைக்கும், கை கிடைக்காது.

என் ஆயா காலத்து ராயபுரம் ஒண்டுக்குடித்தன வீட்டில் சிங்க் கிடையாது. பின்பக்கம் ஒரு சிமெண்டுத் தளம், அதன் ஓரமாகச் சலதாரை. குந்தி உட்கார்ந்து சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்ப்பார். காசிமேட்டு மீன் வந்தால் செதிலும் குடலும் தனியாகப் போகும், அதற்குக் காத்திருக்கும் பூனைகள் உண்டு. அரிசி கழுவிய தண்ணீரும் வடித்த கஞ்சியும் மாட்டுக்காரர் வைத்துவிட்டுப் போன வாளியில் சேரும். எண்ணெயைக் கீழே ஊற்றுகிற வசதி அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. ஆகவே சலதாரையில் போனது பெரும்பாலும் வெறும் சாம்பல் தண்ணீர். அதிலும் அடைப்பு வந்தால் ஒரு கம்பியை எடுத்துக் குத்திவிடுவது ஆயாவின் வேலை. தெருக்குழாயிலிருந்து அந்தத் தண்ணீரை இடுப்பில் சுமந்து வந்ததும் ஆயாதான்.

வடசென்னையில் தண்ணீர் வீட்டுக்குள் வரும் கதை எல்லோருக்கும் தெரியும். அடிபம்பு, லாரி, விடிகாலையில் வரிசை கட்டும் பிளாஸ்டிக் குடங்கள், 2010-இல் மீஞ்சூர்ப் பக்கம் காட்டுப்பள்ளியில் தொடங்கிய, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரக்கூடிய கடல்நீர் ஆலை. தேர்தல் தோறும் பேசப்படும் கதை அது. தண்ணீர் வெளியே போகும் கதையை யாரும் மேடையில் பேசுவதில்லை.

அம்மா காலத்தில் சிங்க் வந்தது. நின்றுகொண்டு கழுவலாம், முட்டிவலிக்கு நல்லது. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கப்பலின் கனத்த சங்கிலியும் கிரேனும் அவருக்குப் பழக்கம். சிங்குக்குக் கீழே அவர் குனிந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அவர் சோம்பேறி அல்ல. அது அவர் பார்க்க வேண்டிய இடம் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான். இப்போது அந்த இடத்துக்கும் கதவு போட்டு மாடுலர் கிச்சன் என்கிறோம். அந்தக் கதவைத் திறக்கிறவர் வீட்டுப் பெண். அவள் வேலைக்குப் போகிறவளாக இருந்தால், பாத்திரம் தேய்க்க வரும் இன்னொரு பெண். "சிங்க்ல தண்ணி போவல, என்னன்னு பாரு" என்று சொல்லிவிட்டு நாம் பஸ் பிடிக்கிறோம். அந்தப் பார்வைக்குத் தனிக் கூலி எந்த வீட்டிலும் பேசப்படுவதில்லை.

சிங்குக்குக் கீழே ஒழுகும் தண்ணீரை வைத்தே ஒரு படம் வந்தது. 2021 ஜனவரியில் வெளியான ஜியோ பேபியின் மலையாளப் படம் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்'. நிமிஷா சஜயன் நடித்த அந்த மனைவி, குழாய் ஒழுகுகிறது, பிளம்பரைக் கூப்பிடுங்கள் என்று கணவனிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவனுக்கு அது மறந்துகொண்டே போகிறது. வாளி நிறைகிறது, அவள் துடைக்கிறாள், மறுபடி நிறைகிறது. கடைசியில் அந்த அழுக்குத் தண்ணீரை ஆண்கள் மேல் வீசிவிட்டு வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். 2023-இல் ஐஸ்வர்யா ராஜேஷ் நடிக்கத் தமிழிலும் வந்தது. மாணவிகளோடு இந்தப் படத்தைப் பேசியபோது ஒருத்தி கேட்டாள்: "அவளே அந்தப் பைப்ப சரி பண்ணியிருக்கலாமே, மேடம்?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தின் சிக்கல் குழாயில் இல்லை. சொன்னது காதில் விழவில்லை என்பதுதான் சிக்கல். அவள் தானே கழற்றி மாட்டியிருந்தால் அவளுடைய வேலைப் பட்டியலில் இன்னொன்று கூடியிருக்கும், அவன் அதையும் கவனித்திருக்க மாட்டான். பெண் எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளக் கற்பது விடுதலையா, கூடுதல் வேலையா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. யாருடைய கண்முன்னால், யாரோடு சேர்ந்து, யாருக்குப் பதிலாகச் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது அது.

எங்கள் வீட்டில் நான் கழற்றக் கற்றுக்கொண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழக்கமாக வரும் பிளம்பருக்கு ஃபோன் செய்தேன். "சார் இல்லையா மேடம்? சார்கிட்ட குடுங்க, சொல்றேன்" என்றார். எங்கள் வீட்டுச் சார் ஃபோனை வாங்கிப் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "பாட்டில் ட்ராப்ப கழட்டணுமாம். அது எங்க இருக்கு?" அன்று நாங்கள் இருவரும், பத்தாவது படிக்கும் மகனுமாகச் சேர்ந்து தரையில் உட்கார்ந்தோம். ஒருவர் டார்ச் பிடிக்க, ஒருவர் வாளி பிடிக்க, நான் கழற்றினேன். அடுத்த முறை மகன் கழற்றினான். அதற்கடுத்த முறை அவன் அப்பா. இந்த வரிசையில்தான் எங்கள் வீட்டில் அது ஒரு வேலை ஆனது.

செய்முறையை இங்கே எழுதிவிடுகிறேன். பெண்களின் கட்டுரைத் தொகுப்புகளில் வலிக்கு இடம் இருக்கிறது, ஸ்பானருக்கும் இருக்கட்டும். சிங்க்கின் அடியில் தொங்கும் கிண்ணம் போன்ற பகுதிதான் பாட்டில் ட்ராப். கீழே வாளி வையுங்கள். கிண்ணத்தைக் கையாலேயே திருகிக் கழற்றலாம். இறுகிப்போயிருந்தால் துணி சுற்றித் திருகுங்கள். உள்ளே இருப்பதைப் பழைய செய்தித்தாளில் கொட்டி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். ரப்பர் வாஷர் இடம் மாறாமல் மாட்டுங்கள். மிகவும் இறுக்கினால் பிளாஸ்டிக் மரை கிழியும். தண்ணீரைத் திறந்துவிட்டு, மாட்டிய இடத்தில் உலர்ந்த காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் வேலை முடிந்தது. ட்ராப்பில் அடைப்பு இல்லாமல் அதற்கப்பால் இருந்தால் ரப்பர் பம்ப் போதும்: சிங்க்கில் நாலு விரற்கடை தண்ணீர் நிற்க, மேலே இருக்கும் வழிதுளையை ஈரத்துணியால் அடைத்துவிட்டு அழுத்தி இழுங்கள்.

சமையல் சோடாவும் வினிகரும் போட்டால் நுரைக்கும், பார்க்க நன்றாக இருக்கும். அவை ஒன்றையொன்று சமன்செய்துகொண்டு கரியமில வாயுவாகப் போய்விடுகின்றன, எண்ணெய்க் கட்டியை அசைப்பதில்லை. கடையில் விற்கும் அடைப்பு நீக்கித் தூள்களில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா. தண்ணீர் பட்டால் கொதிக்கும், தோலை அரிக்கும். அதைப் போட்டுவிட்டுக் குழாயைக் கழற்றாதீர்கள். கழிப்பறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் எந்தக் காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். வருவது குளோரின். அது முதலில் போய்ச் சேரும் நுரையீரல் உங்களுடையதாக இருக்காது, பாத்திரம் தேய்க்க வருபவருடையதாக இருக்கும்.

கிண்ணத்தை மாட்டிய பிறகும் அதில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் நிற்கும். அது தேக்கம் அல்ல, அதுதான் ட்ராப்பின் வேலையே. இரண்டு மூன்று அங்குல உயரத்துக்கு நிற்கும் அந்தத் தண்ணீர் ஒரு பூட்டு. சாக்கடையின் வாயு குழாய் வழியே மேலேறி வீட்டுக்குள் வராமல் அது தடுக்கிறது. 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் கழிப்பறைக்காக லண்டனில் காப்புரிமை பெற்ற வளைகுழாயின் தத்துவம் அதுதான். குழாயை வளைத்து, வளைவில் தண்ணீரை நிறுத்தினார், நாற்றம் அந்தப்பக்கமே நின்றது. இன்று உலகம் முழுக்கச் சமையலறைகளும் குளியலறைகளும் சுவாசிப்பது அந்த ஒரு வளைவின் தயவில்.

அந்தப்பக்கம் நிற்கும் வாயுக்களில் ஒன்று ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. காற்றைவிடக் கனமானது, குழியின் அடியில் தங்கும். நாற்றம் இல்லையே என்று இறங்குகிறவர் அடுத்த சில மூச்சுகளில் விழுகிறார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுகிறார். செய்தித்தாளில் இரண்டு பேர், மூன்று பேர் என்று சேர்ந்து வருவது அதனால்தான். 2017-இல் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தைப் பார்த்த யாரும் இதைப் புள்ளிவிவரமாக மட்டும் நினைக்க முடியாது. ஒரே வாயு. என் சமையலறையில் அதைத் தடுக்க இரண்டு அங்குலத் தண்ணீர் இருக்கிறது. குழிக்குள் இறங்குகிறவருக்கு அதுகூட இல்லை.

எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள். போன வருடம் கீழ்த்தளத்துச் சேம்பர் பொங்கியது. கீழ்வீட்டுச் சமையலறைக் குழாயில் மேல்வீடுகளின் தண்ணீர் எதிரேறியது. வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: ஆள் சொல்லியாச்சு, காலையில் வந்து இறங்கி எடுத்துவிடுவார், வீட்டுக்கு இவ்வளவு ரூபாய். கூடவே ஒரு குறிப்பு, பெண்கள் நாப்கினைப் போடுவதுதான் காரணம், தயவுசெய்து கவனிக்கவும்.

காலையில் அவர் வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். லுங்கியை மடித்துக் கட்டி, சட்டையைக் கழற்றி மதில்மேல் வைத்துவிட்டு, கடப்பாரையால் மூடியை நெம்பிக்கொண்டிருந்தார். கையுறை இல்லை, எதுவும் இல்லை. நானும் கீழ்வீட்டு அம்மாவும் இரண்டாம் மாடிப் பெண்ணும் இறங்கிப் போய், உள்ளே இறங்க வேண்டாம் என்றோம். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தை அன்று நான் ஃபோனில் எடுத்து வைத்திருந்தேன். பாதுகாப்புக் கருவிகளும் முன்னெச்சரிக்கையும் இல்லாமல் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ ஒருவரை இறக்குவது குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டுவரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். மாநகராட்சிக்கு மட்டுமல்ல, ஆளை வைக்கும் எவருக்கும் அது பொருந்தும், அபார்ட்மெண்ட் செயலாளருக்கும். 1993-க்குப் பிறகு சாக்கடைக்குள் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக்கியது. செயலாளரிடம் இதைப் படித்துக் காட்டினோம். சட்டம் மாற்றாத அவர் முகத்தைத் தொகை மாற்றியது.

கடப்பாரையைக் கீழே வைத்த அந்தப் பெரியவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "அப்ப இன்னிக்கி எனக்கு வேல இல்லையாம்மா?"

நான் படித்த எந்தக் கோட்பாட்டிலும் அதற்கு உடனடிப் பதில் இல்லை. பேசிய கூலியை அவருக்குக் கொடுப்பது என்று மூன்று பேரும் அங்கேயே முடிவு செய்தோம். இறங்காமல் மேலிருந்து ராடு விட முடிந்தவரை அவர் விட்டார். குடிநீர் வாரியத்தின் ஜெட் லாரி வர மறுநாள் மதியம் ஆனது. அதுவரை பன்னிரண்டு வீட்டிலும் சிங்க் கிடையாது. மாடியில் வாளியில் கழுவி, தண்ணீரைச் செடிக்கு ஊற்றினோம். ஒன்றரை நாள் அசௌகரியம். ஓர் உயிரோடு வைத்து அதை எடைபோடவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எடைபோட்டுத்தான் வாட்ஸ்அப்பில் பேச்சு நடந்தது. "டீச்சருக்கு என்ன, லீவு" என்று ஒருவர் எழுதியிருந்தார்.

லாரிக்காரர்கள் இயந்திரத்தால் எடுத்ததில் நாப்கின் இருந்தது, உண்மைதான். அதைவிட அதிகமாக இருந்தது வெள்ளைக்கட்டியாக உறைந்த கொழுப்பு. பன்னிரண்டு சமையலறைகளின் எண்ணெயும் பாத்திர சோப்பும். வடைசட்டியில் மிஞ்சியது சிங்க்கில் சூடாக, தண்ணீர் போல ஓடுகிறது. குழாயில் ஆறுகிறது, ஓரத்தில் ஒட்டுகிறது. தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து ஒருவகை சோப்புக் கட்டியாகவே இறுகுகிறது. 2017-இல் லண்டனின் ஒயிட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் இப்படி இறுகிய கட்டி 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் இருந்தது. அதை உடைத்து எடுக்க வாரக்கணக்கானது. அடுத்த வருடம் ஒரு துண்டை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். நம் ஊரில் அதைக் காண்கிறவர் அதற்குள் கழுத்தளவு நிற்கிறவர் மட்டும்தான்.

நாப்கின் பற்றிய குறிப்புக்கும் நாங்கள் பதில் எழுதினோம். ஒவ்வொரு தளத்திலும் மூடியுள்ள கூடை வைக்க வேண்டும், அதை மறைவாக எடுத்துப்போக வேண்டிய வெட்கத்தைப் பெண்கள் மேல் சுமத்தக் கூடாது என்று. கூடை வந்தது. எண்ணெய் பற்றி எழுதியதற்கு ஆண்கள் யாரும் பதில் எழுதவில்லை. வடை சாப்பிட்டதில் அவர்களுக்கும் பங்குண்டு.

இப்போது எங்கள் வீட்டில் எண்ணெய்ப் பாத்திரத்தைச் செய்தித்தாளால் துடைத்துவிட்டுத்தான் கழுவுகிறோம். சிங்க்கின் வாயில் சல்லடை. அதில் சேர்வது குப்பைக்கூடைக்குப் போகிறது. இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். குப்பைக்கூடையைக் காலையில் வாங்கிப்போகும் கையும் பெண்ணின் கைதான். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலை தனியாரிடம் போவதை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். குழாயில் போகாமல் நாம் தடுப்பது அவர்கள் கைக்குப் போகிறது. ஆகவே தடுப்பதோடு நிற்காமல், பிரித்து, காயவைத்து, கை வைக்கக்கூடியதாகக் கொடுக்க வேண்டும். அதையும் தாண்டி, அவர்கள் வாசலில் உட்காரும்போது நாம் எங்கே இருந்தோம் என்பதும் இருக்கிறது.

ஊர் என்று பார்த்தால் வடசென்னையே இந்த நகரத்தின் சிங்குக்குக் கீழ்ப்பகுதிதான். கொடுங்கையூரில் குப்பைமேடு, மணலியில் ஆலைகள், எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல். கதவைச் சாத்திவிட்டால் நகரத்துக்கு எதுவும் தெரியாது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரைக்கு வந்தபோது எர்ணாவூர்க் கரையில் வாளி வாளியாகக் கையால்தான் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் எண்ணூர்க் குப்பங்களின் வீடுகளுக்குள் ஏறியது. முதல் நாட்களில் மீனவர்கள் படகில் போய் மக்கில் மொண்டு பீப்பாயில் ஊற்றினார்கள். உடம்பெல்லாம் கறுப்பு, கையுறை கிடையாது. கரையில் வீட்டுச் சுவரையும் பாத்திரத்தையும் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் பெண்கள். இவ்வளவு இயந்திரம் உள்ள தொழிற்பேட்டையில் கடைசியில் தேவைப்பட்டது மக்கும் வாளியும் கையும்.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவர் நான் ட்ராப்பைக் கழற்றுவதை ஒருநாள் நின்று பார்த்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவரையும் கழற்றி மாட்டச் சொன்னேன். என்னைவிட வேகமாக மாட்டினார். கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "எங்க வீட்ல மேல இருக்கற மூணு வீட்டுத் தண்ணியும் எங்க சிங்க் வழியா ஏறுது டீச்சர். அதுக்கு எந்த நட்டத் திருவணும்?"

அவர் இருப்பது வாரியக் குடியிருப்பின் தரைத்தளம். நான் போய்ப் பார்த்தேன். அது நட்டைத் திருகித் தீர்கிற விஷயம் இல்லை. நாலு மாடிக்கும் ஒரே குழாய், வெளியே சேம்பர் மண்மூடிப்போய்க் கிடந்தது. மூன்று முறை வாய்மொழியாகச் சொல்லியும் யாரும் வரவில்லை என்றார்கள். தன் கையால் தானே சரிசெய்துகொள்வது என்ற என் பெருமை எதுவரை செல்லும் என்பது அந்தச் சமையலறையில் தெரிந்தது. முனைவர் பட்டத்துத் தமிழுக்கு அங்கே ஒரு வேலை இருந்தது, மனு எழுதுவது. தரைத்தளத்துப் பெண்கள் ஏழு பேர் சுற்றி உட்கார்ந்தார்கள். எத்தனை வீடு, எத்தனை நாள், எந்தக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

அடைப்பை நீக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம் என்று முடிக்கப்போன இடத்தில் அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஆள எறக்காம மிஷின் வச்சி எடுக்கணும்னு எழுதுங்க டீச்சர். இல்லன்னா அனுப்பிட்டு நம்ம லைன்லேருந்துதான் யாரயாச்சும் எறக்குவாங்க."

அந்த வரியைச் சேர்த்தேன். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.